ஆதிரை இடிக்கவில்லை

என் பல்லிலிருந்து கிளிப் கழன்று விழுந்ததற்கு என் மகள் காரணமில்லை. அவள்தான் காரணம் என்று நான் சொன்னேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை சொன்னேன். அவளுக்கு அப்போது மூன்றரை வயது.

இதோ, எழுதிவிட்டேன்!

இவ்வளவுதானா, ஒரு பல் விஷயமா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். இப்போது என்னாலும் பாதி சிரிக்க முடிகிறது. போன வருடம் இதே நாட்களில் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். கண்ணாடியின் முன் நின்று பல் துலக்கும்போது என் முகத்தையே பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டு துலக்கிய காலம் அது.

ஆனால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். முழுவதையும் கேளுங்கள்.

என் மேல்வரிசை முன்பற்களில் ஒன்று முழுக்க என்னுடையது அல்ல. வேலூரில் கல்லூரி முதலாண்டு படித்தபோது பேருந்து சட்டென்று நின்றது. முன் இருக்கைக் கம்பியில் வாய் மோதி, பல்லின் ஒரு மூலை உடைந்து போயிற்று. மிச்சமிருந்த பல்லும் பழுப்பேறத் தொடங்கியது. படிப்பு முடிகிற சமயத்தில் அம்மா என்னை ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப்போனாள். அவர் பல்லின் முன்புறத்தைக் கொஞ்சம் இழைத்து, நகத்தின் கனத்தில் ஒரு பீங்கான் தகட்டை அதன்மேல் ஒட்டினார். பக்கத்துப் பல்லின் நிறம், பளபளப்பு, ஓரத்து வளைவு எல்லாம் அப்படியே அதில் இருந்தன. ஒரு வாரத்தில் எனக்கே மறந்து போயிற்று.

மறந்ததை நினைவூட்டியது பெண் பார்க்கும் நாள்.

என் கணவர் குடும்பத்துக்குத் தென்காசிப் பக்கம் பூர்வீகம், தி. நகரில் பாத்திரக் கடை. மாமனாரும் மாமியாரும் இல்லை. அவருடைய அக்கா மகேஸ்வரி மதினிதான் வீட்டுக்குப் பெரியவர். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, மதினி சாதாரணமாகச் சொன்னார்:

"இதுக்கு முன்னால ஒரு பிள்ளையப் பாத்தோம். மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருந்தா. ஆனா முன்னத்திப் பல்லு கட்டுன பல்லு! சிரிச்சதும் தெரிஞ்சுபோச்சு. வேண்டாம்னுட்டோம்லா."

பிறகு என்னைப் பார்த்து, "நீ சிரி பிள்ள" என்றார்.

நான் சிரித்தேன்.

"பாத்தியா தம்பி, வரிசைய! முத்து மாதிரில்லா இருக்கு!"

பக்கத்தில் நின்ற அம்மா என் விரல்களைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அவ்வளவுதான். அந்த அழுத்தத்தில் ஆறு வருட மௌனம் நிச்சயமாகிவிட்டது. அம்மாவைக் குறை சொல்லவா? எனக்கு இருபத்து நான்கு வயது, எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள், வாய் இருந்தது. வாயைத் திறந்து சிரிக்கத்தான் செய்தேன்.

கல்யாணம் நடந்தது. மந்தைவெளியில் வீடு; கீழே நாங்கள், மேலே மதினி குடும்பம். அடையாற்றில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ மாணவிகளுக்கு வேதியியல் எடுத்தேன். ஆதிரை பிறந்ததும் வேலையை விட்டேன். நல்ல குடும்பம், நல்ல மனிதர்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதுதான் பயமே! கடிந்து பேசாதவர்களிடம் ஒன்றை மறைத்துவிட்டால், அதை எப்படி வெளியே எடுப்பது?

போன வருடம் என் கீழ்ப்பற்கள் மேல் ஈறுகளில் இடித்துப் புண்ணாக்கத் தொடங்கின. சாப்பிட முடியவில்லை. கடி சரியில்லை, கிளிப் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். தி. நகரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். முதல் மாடியில் இரண்டு அறைகள், ஒரு டாக்டர், ஒரு உதவியாளர்; சின்ன இடம். டாக்டர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. உதவியாளர் தேவி, பட்டினப்பாக்கத்துக்காரி. வாய் நிற்காது.

உள்ளே போகுமுன் ஒரு படிவம் கொடுத்தார்கள். என் கணவர் வாங்கி, தொடையில் வைத்து, ஒவ்வொன்றாக வாசித்து அவரே நிரப்பினார். சர்க்கரை உண்டா, இல்லை. மருந்து ஒவ்வாமை, இல்லை. பிறகு, "பற்களில் உறை, தகடு, கட்டிய பல் ஏதேனும் உண்டா?"



"இது நம்மகிட்ட கேக்கணுமா? எங்க அக்கா செக் பண்ணி எடுத்த பொண்ணு. எல்லாம் ஒரிஜினல்!" என்று சிரித்துக்கொண்டே 'இல்லை' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் அடித்தார்.

நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடித்த டிக் அது... ஆனால் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்படியென்றால் அது யாருடைய டிக்? பல நாள் இதை யோசித்திருக்கிறேன்.

கிளிப் என்று நாம் சொல்வது ஒரே பொருள் அல்ல. ஒவ்வொரு பல்லிலும் ஒரு சின்ன உலோகத் துண்டை ஒட்டுகிறார்கள். டாக்டர் அதை பிராக்கெட் என்பார். எல்லாத் துண்டுகளையும் கோத்து ஒரு கம்பி போகும். ஒட்டுவதற்குமுன் பல்லில் ஓர் அமிலத்தைத் தடவிக் கழுவுகிறார்கள். அது பல்லின் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக்கும். அந்தச் சொரசொரப்பில்தான் பசை பிடிக்கும்.

என் வாயை அகலமாகத் திறந்து பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டி, எல்லாப் பற்களிலும் அதையே செய்தார். பீங்கான் மேலும்தான்.

ஒன்பதாம் நாள் காலை அந்த ஒரு பிராக்கெட் மட்டும் விட்டுக்கொண்டது. கீழே விழவில்லை. கம்பியில் கோத்த மணிபோல் இங்குமங்கும் வழுக்கிக்கொண்டிருந்தது. நாக்கால் தள்ளினால் சுற்றியது!

மருத்துவமனைக்குத் தொலைபேசினேன். கணவர் எதிரில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதினி வாசலில் கீரைக்காரம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன கடிச்சீங்க? முறுக்கு, பட்டாணி ஏதாவது?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர்..."

"எங்கயாவது இடிச்சுதா? வீட்டுல சின்னக் குழந்தை இருக்கா?"

பாருங்கள், பொய்யை நான் உருவாக்கக்கூட இல்லை. இலையில் வைத்துப் பரிமாறினார்கள். நான் எடுத்துச் சாப்பிட்டேன்.

"ஆமாம் டாக்டர். குழந்தை முட்டு விளையாடும்போது... இடிச்சுட்டா."

முட்டு விளையாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். குழந்தை உட்காரப் பழகியதும் நாம் கற்றுத்தருகிற முதல் வித்தை அதுதானே! "முட்டு... முட்டு... முட்டு..." என்று தலையை மெதுவாகக் கொண்டுபோய் நெற்றியோடு நெற்றி இடிப்பது. ஆதிரைக்கு மூன்று வயதாகியும் அது விடவில்லை. தூங்கி எழுந்தால் ஒரு முட்டு, பள்ளிக்குப் போகும்போது ஒரு முட்டு. மெத்தென்ற முட்டு. என் பல்லை அவள் ஒருநாளும் தொட்டதில்லை.

அன்று மதியம் அவள் தூங்கியபோது கைப்பேசியில் தேடிப் படித்தேன். இரண்டு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் இருக்க நான் என்ன, வேதியியல் தெரியாதவளா? பல்லைச் சொரசொரப்பாக்கும் சாதாரண அமிலம் பீங்கானை ஒன்றும் செய்யாது. பீங்கான் கண்ணாடிக்கு உறவு. அதைக் கடிக்க ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைக் கண்ணாடிக் குப்பியில் ஏன் வைக்கக்கூடாது என்று வருடாவருடம் நாற்பது பெண்களுக்கு நானே கரும்பலகையில் சமன்பாடு எழுதிக் காட்டியிருக்கிறேன்! பீங்கானில் ஒட்டுவதற்கென்று தனி முறை இருக்கிறது, எல்லா டாக்டர்களுக்கும் தெரியும், பல்லில் இருப்பது பீங்கான் என்று யாராவது சொன்னால் போதும்.

யாராவது!

மறுநாள் தனியாகப் போயிருக்கலாம். "அந்தப் படிவத்தில் ஒரு தவறு" என்று காதோடு சொல்லியிருக்கலாம். கணவரிடம் சொல்லாதீர்கள் என்றால் அந்த அம்மாள் சொல்லவா போகிறார்? ஆனால் என் மனம் வேறு கணக்குப் போட்டது. டாக்டர் என் சிகிச்சை அட்டையில் எழுதுவார். அட்டையை என் கணவர் பார்ப்பார். பார்த்தால், பல்லைப் பற்றி மட்டுமா நினைப்பார்? இவள் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பாள் என்று நினைக்கமாட்டாரா?

போகவில்லை. கணவரோடுதான் போனேன். டாக்டர் அதே அமிலத்தைத் தடவி, அதே பசையால் மறுபடி ஒட்டினார். ஒட்டாது என்று தெரிந்தே வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் மறுபடியும் கழன்றது.

"மறுபடியும் குழந்தையா?" என்றார் கணவர்.

"ம்..." என்றேன். அந்த "ம்" தான் இரண்டாவது.

வீட்டில் தகவல் பரவியது. மதினிக்கு என்மேல் பாசம். அந்தப் பாசத்தில் குழந்தையைக் கூப்பிட்டு மிரட்டினார். "ஏ பிள்ள ஆதிர, இங்க வா. அம்மா மூஞ்சிக்கிட்ட போவாத, கேட்டியா? நீ இடிச்சு இடிச்சு அம்மா வாயில கம்பி கழண்டு போவுது. அம்மைக்கு வலிக்கும்லா?"

ஆதிரை என்னைப் பார்த்தாள்.

இந்த இடத்தைத்தான் சொல்லவேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், தான் இடிக்கவில்லை என்று. 'இல்லை என்று சொல்லேன் அம்மா' என்று கேட்கிற பார்வை அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்துக்கொண்டே இருந்தேன்...

மூன்றரை வயதில் ஒரு குழந்தைக்குத் தன் நினைவு பெரிதா, அம்மாவின் சொல் பெரிதா? இரண்டே நாளில் அவள் நம்பிவிட்டாள். தான்தான் இடித்திருக்கிறோம் என்று நம்பிவிட்டாள்!

முட்டு நின்றுபோயிற்று. முத்தம் தர வந்தால் என் முழங்கையில் தந்தாள். மடியில் உட்கார்ந்தால் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரம்மா வந்தபோது, "அம்மா கிட்ட போவாதீங்க ஆன்ட்டி, வாய் ஒடஞ்சிடும்" என்று கவலையாக எச்சரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கம்பி தெரியாமல் உதட்டை மூடிக்கொண்டு.

அதே பசையால் மறுபடி ஒட்டி, மூன்றாவது முறையும் கழன்றபோது தொலைபேசியில் நானாகவே, யாரும் கேட்குமுன்பே, "குழந்தை டாக்டர், என்ன செய்யறதுன்னே தெரியல" என்றேன். பொய் இப்போது பழக்கமாகிவிட்டது பாருங்கள்.

அன்று ஆதிரைக்குப் பள்ளி விடுமுறை. கணவர் கடையிலிருந்து பிறகு வந்து அழைத்துப்போவதாகச் சொன்னார். நானும் அவளும் மட்டும் ஆட்டோவில் போனோம். நாற்காலியில் என்னைச் சாய்த்து, வாயில் அந்த வளையத்தை மாட்டினார்கள். உதடுகள் இரண்டும் இழுபட்டு, பேச முடியாத நிலை. தேவி விளக்கைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது? மத்த பல்லுல எல்லாம் கம்முனு குந்திகினு கீது, இது மட்டும் வுட்டுகினே கீது!" என்றாள். பிறகு குனிந்து, "கொழந்த இட்ச்சிதுன்ற. ஒதட்டுல ஒரு கீறல் இல்ல, வீக்கம் இல்ல. இன்னா கொழந்தயோ!"

"தேவி, சும்மா இரு" என்றார் டாக்டர். கையுறையை மாட்டிக்கொண்டே, மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆதிரையிடம் திரும்பினார். அவருக்குக் குழந்தைகளோடு விளையாடிப் பேசும் வழக்கம்.

"ஓஹோ! நீதான் அம்மா பல்லை இடிச்சு இடிச்சுக் கழட்டுற பாப்பாவா? உன்னைப் பிடிச்சு இந்தச் சேர்ல உட்கார வெச்சிடவா?"

ஆதிரை ஸ்டூலிலிருந்து இறங்கினாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை!

"இப்ப இடிக்கிறதில்ல டாக்டர். கிட்டயே போறதில்ல. மொகத்த இப்படித் திருப்பிக்குவேன்" என்று திருப்பிக் காட்டினாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "தூங்கறப்ப தெரியாம இடிச்சுட்டேனோ என்னமோ... சாரி டாக்டர்" என்றாள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தேன். கண்ணுக்கு நேரே விளக்கு. எச்சில் உறிஞ்சும் குழாய் உர் என்று இரைந்துகொண்டிருந்தது. என் குழந்தை, செய்யாத ஒன்றுக்கு, தூக்கத்தில் செய்திருப்பேனோ என்று காரணம் தேடித் தந்து மன்னிப்புக் கேட்கிறாள். யாருக்காக? எனக்காக!

எழுந்தேன். வளையத்தை நானே பிடித்து இழுத்தேன். உதட்டோரம் சுரீர் என்றது.

"டாக்டர், அது பீங்கான்."

"எது?"

"அந்தப் பல்லு. முன்னாடி ஒட்டின பீங்கான் தகடு. ஆறு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. குழந்தை இடிக்கவே இல்ல. ஒருதடவைகூட இடிக்கல."

டாக்டர் குழாயை நிறுத்தினார். பிறகு தேவி, "அப்டிப் போடு! நான் சொல்லல?" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. விளக்கை இழுத்து, பல்லைக் காற்றால் உலர்த்தி, சின்னக் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ஈறுகிட்ட கோடு தெரியுது. எக்ஸ்ரேல லேசா ஒரு நிழல் இருந்தது, பழைய ஃபில்லிங்னு நினைச்சு விட்டுட்டேன். என் தப்பும் இருக்கு. நல்லா செஞ்சிருக்காங்க, யார் செஞ்சது?" என்றார். அப்புறம் சாதாரணமாக, "முதல் நாளே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷம் கூடுதல் வேலை. அவ்வளவுதானே சுகன்யா!"

அவ்வளவுதானே...

"இதுக்கு வேற ஆசிட் போடணும். கொஞ்சம் கடுமையானது" என்று ஆரம்பித்தார்.

"ஹைட்ரோஃப்ளோரிக்" என்றேன்.

டாக்டரின் கை நின்றது. "உங்களுக்குத் தெரியுமா?"

"பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுத்தேன் டாக்டர்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தெரிந்தே இரண்டு முறை படுத்திருக்கிறாள் என்பது அவருக்கு அந்தக் கணத்தில் புரிந்திருக்க வேண்டும். அந்தப் பார்வையை இன்றும் என் முகத்தில் உணர்கிறேன்.

தேவி ஆதிரையை முன்னறைக்கு அழைத்துப்போய் மீன்தொட்டிக்கு முன்னால் உட்கார்த்திவிட்டு வந்தாள். டாக்டர் என் ஈற்றின்மேல் நீலநிறக் கூழ் ஒன்றை வைத்து, விளக்கொளியில் இறுகவைத்தார். அமிலம் சதையில் படாமலிருக்க அது அணை. பிறகு பீங்கான்மேல் மட்டும் ஒரு துளி அமிலக் கூழ். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உறிஞ்சி, கழுவி, உலர்த்தியபோது அந்தப் பல்லின் பளபளப்பு போயிருந்தது. கைக்கண்ணாடியில் காட்டினார். சாக்பீஸ் தூசி படிந்ததுபோல் மங்கலாக இருந்தது. இத்தனை வருடமாக மினுக்கிக்கொண்டிருந்த பல்! அதன்மேல் இன்னொரு திரவம், பீங்கானும் பசையும் கைகோப்பதற்காக. பிறகு பசை, பிராக்கெட், விளக்கு.

"கிளிப் எடுக்கறப்போ தகட்டுல கீறல் விழலாம், உடையவும் உடையலாம். இப்பவே சொல்லிடறேன். கையெழுத்து வேணும்" என்றார். போட்டேன். முதல் நாள் படிவத்தை எடுத்து, 'இல்லை' என்றிருந்த டிக்கை அவர் அடித்து, 'உண்டு' என்று எழுதினார்.

நம்புவீர்களா, அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பசித்தது! பல வாரமாக இல்லாத பசி.

கணவர் ஸ்கூட்டரோடு கீழே காத்திருந்தார். ஆதிரை முன்னால் நின்றாள், நான் பின்னால். இப்போதே சொல்லாவிட்டால் வீட்டுப் படியேறியதும் மறுபடி ஊமையாகிவிடுவேன் என்று தெரிந்தது. வெங்கட்நாராயணா சாலையிலேயே அவர் முதுகிடம் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்கவில்லை.

"என்ன?"

நந்தனம் சிக்னலில் நின்றோம். "என் முன் பல்லு பீங்கான்!" என்று கத்தினேன். பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பி என் வாயைப் பார்த்தார்.

"பீங்கானா?"

"கட்டின பல்லு! கல்யாணத்துக்கு முன்னாடியே!"

"அட, ரொம்ப நல்லாத்தான் கீது சார், வுடு" என்றார் ஆட்டோக்காரர்.

ஆதிரை கழுத்தைத் திருப்பி, "பீங்கான்னா தட்டுதானே? அம்மா பல்லு தட்டா?" என்று கேட்டாள்.

என் கணவரின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று ஒரு விநாடி பயந்தேன். சிரித்தார். "ஊரெல்லாம் ஒரிஜினல்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே சுகி!" சிக்னல் விழுந்தது. நானும் சிரித்தேன். வாயைத் திறந்து, கம்பியெல்லாம் தெரிய, கண்ணில் நீர் வழிய, சேமியர்ஸ் ரோடு முழுக்கச் சிரித்தேன். என்ன ஒரு இலேசு! ஆறு வருடப் பாரம் ஒரு சிக்னலில் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். ஆதிரை உள்ளே ஓடியதும், ஹெல்மெட்டைக் கழற்றினார். சிரிப்பு இல்லை.

"பல்லு விஷயம் எனக்கு ஒண்ணுமே இல்ல. சத்தியமா. ஆனா அவள ஏன் மாட்டிவிட்ட?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருந்த எல்லாப் பதிலும் பல்லைப் பற்றியதாகவே இருந்தது.

மதினியிடம் மறுநாள் நானே மாடியேறிப் போய்ச் சொன்னேன். அவர் முகவாயில் கைவைத்தார். "அடிப்பாவி! என் கண்ணுலயே மண்ணத் தூவிட்டியே!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குங்கூட மேல ரெண்டு கடவாப் பல்லு கட்டுனதுதான். உங்க அண்ணாச்சிக்குத் தெரியாது. ஆனா கடவாப் பல்லு கணக்குல வராது, கேட்டியா!" பிறகு ஆதிரையை மடியில் இழுத்து, "ஏ ராசாத்தி, பெரியத்த ஒன்னத் தப்பா ஏசிட்டேன்" என்றார். அவருக்கு எவ்வளவு எளிதாக வந்தது!

நானும் ஆதிரையிடம் சொன்னேன். எதிரில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இடிக்கவே இல்ல. அம்மா பொய் சொன்னேன். அது அம்மா தப்பு" என்றேன்.

"சரி" என்றாள். பொம்மையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பிராக்கெட் அதன்பிறகு அசையவில்லை. பதினோரு மாதம் ஆகிறது. ஈற்றுப் புண் ஆறிவிட்டது, சாப்பிட முடிகிறது. கண்ணாடியில் முகம் பார்க்கிறேன். கணவர் இப்போது புதியவர்களிடம், "என் பொண்டாட்டி சிரிப்புல ஒண்ணு பீங்கான், கடையில ஸ்டாக் எடுத்தது" என்று கிண்டல் செய்கிறார். நிம்மதியாக இருக்கிறேன். இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் போன வியாழக்கிழமை மதியம் ஆதிரையை அழைத்துவரப் பள்ளிக்குப் போனேன். இப்போது எல்.கே.ஜி. அவளுடைய மிஸ், இளம்பெண், என்னைப் பார்த்ததும் மலர்ந்தாள்.

"உங்க பொண்ண பத்திச் சொல்லணும்னு இருந்தேன் மேடம். இவ்ளோ ஹானஸ்ட்டான குழந்தைய நான் பார்த்ததே இல்ல! இன்னிக்கு டிராயிங் கிளாஸ்ல கலர் தண்ணிக் கிண்ணம் கவுந்துடுச்சு. யாருன்னு கேட்டேன். எல்லாரும் கம்முனு இருக்காங்க. இவ மட்டும் எழுந்து நான்தான் மிஸ்னு சொல்றா. எப்பவுமே அப்படித்தான். எது உடைஞ்சாலும் முதல்ல அவளே ஒத்துக்குவா!"

"அவ கவுத்ததைப் பார்த்தீங்களா மிஸ்?"

"இல்ல மேடம். அவளே சொல்லிட்டாளே!"

ஆதிரையை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய் அவள் உயரத்துக்குக் குனிந்தேன். சட்டையில் நீலக் கறை இருந்தது. பக்கத்தில் நின்றிருந்த எல்லாக் குழந்தைகளின் சட்டையிலும் இருந்தது.

"நீயா கவுத்த?"

"ஆமாம்மா."

"நிஜமாவா? யோசிச்சுச் சொல்லு. நீ செய்யலைன்னா செய்யலைன்னு சொல்லலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவள் யோசிக்கவில்லை. என் முகத்தைப் படித்தாள். கண், வாய், மறுபடி கண்... எனக்கு எந்தப் பதில் வேண்டும் என்று தேடினாள்.

"நான் இல்லன்னு சொல்லணுமாம்மா?" என்றாள், மெல்ல, எனக்கு உதவி செய்கிற குரலில்.

அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். அந்தக் கிண்ணத்தை யார் கவிழ்த்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.